உப்பில்லாத மாதங்கள்

பெல்மீரு முதலில் வந்தது ஆகஸ்டில்.
அவெய்ரு காயலிலிருந்து நேராக,
முழங்கால்வரை வெள்ளை பூத்த கால்களோடு.
கூடவே ஃபருஷ்கா,
கரிமூட்டையில் புரண்டு எழுந்தது போன்ற கறுப்பு.
வரிசையில் காத்திருந்த நேரமெல்லாம்
அவர் கெண்டைக்காலை நக்கிக்கொண்டே இருந்தாள்.

"இது நோயா?" என்றார்.
"உப்பு," என்றேன்.
ஒரே சொல்லில் முடிகிற வைத்தியம்
எனக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை.
அவருக்கும் திருப்தி.
நாற்பது கோடை உப்பை வாரிக்
கூம்பு கூம்பாய்க் குவித்தவர்,
கூலி கேட்காமல் கால் துடைத்துவிட
ஒருத்தி கிடைத்திருக்கிறாள் என்று சிரித்தார்.
ஐந்து யூரோதான் வாங்கினேன்.
ஒரு பை உப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நவம்பரில் திரும்ப வந்தார்.
பாத்திகள் மழையில் முங்கிவிட்டன.
கூம்புகள் லாரி ஏறிப் போய்விட்டன.
இப்போது கம்பளிக் காலுறை,
தினம் வெந்நீர்க் குளியல்.
"என்னிடம் உப்பே இல்லை டாக்டர்,
இவளிடம் யாராவது சொல்லக்கூடாதா?"

ஓநாய்க் குட்டிகளைப் பற்றிச் சொன்னேன்.
வேட்டைக்குப் போன தாய் திரும்பியதும்
அதன் வாயோரத்தை நக்கும்.
அது விழுங்கி வந்த இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும்.
அந்தப் பழைய பசியில் மிச்சம் கொஞ்சம்
இந்த நாக்கில் ஒட்டியிருக்கலாம்.

யோசித்தார்.
"என் வயிற்றில் மத்தியும் மட்டமான ஒயினும்தான்.
அதைக் கேட்கிறாள் என்றால்
பாவம், ருசி தெரியாதவள்."

அதட்டினால் சமாதானம் பேச நக்கும் என்றேன்.
அவர் அதட்டுவதெல்லாம் வானொலியைத்தானாம்,
அதுவும் பந்தாட்டம் நடக்கும் ஞாயிறுகளில்.

வயிறு சரியில்லை என்றாலும் நக்கும்.
அமுக்கிப் பார்த்தேன்.
கல்லைத் தின்றாலும் கரைக்கிற வயிறு.

நக்கினால் நீங்கள் சிரிக்கிறீர்கள்,
அந்தச் சிரிப்புக்காக மறுபடி நக்குகிறாள் என்றேன்.
அதையும் சோதித்துவிட்டாராம்.
மூன்று நாள் முகத்தைக் கடுகடுவென்று வைத்திருந்தார்.
மூன்று நாளும் இரண்டு மடங்கு நக்கல்.

உதவிப் பெண் செலஸ்தீனா
மருந்தறைக்குள் போகும்வரை காத்திருந்தார்.
பிறகு மெதுவாக,
"நானே பார்த்துவிட்டேன்."
"எதை?"
"ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு
என் மணிக்கட்டை, நானே."
நாக்கை ஒரு விரற்கடை நீட்டிக் காட்டினார்
அறுபத்தெட்டு வயது மனிதர்.
"சோப்பு. கொஞ்சம் புகையிலை.
அதில் ஒன்றுமே இல்லை டாக்டர்."

அந்த "ஒன்றுமே"யை அவர் சொன்ன விதத்தில்
கேட்க வேண்டியது ஏதோ இருந்தது.
நான் கேட்கவில்லை.
வெளியே இன்னும் நான்கு பூனைகள், ஒரு ஆமை.

உப்பிட்டவரை நினைப்பது சரி.
உப்பு தீர்ந்த பிறகும் நினைப்பதற்கு
என் பாடநூல்களில் பெயர் இல்லை.
சீட்டில் நோய் என்ற இடத்தைக்
காலியாகவே விட்டேன்.
அவர் அதை வாங்கி மடித்தபோது
ஃபருஷ்கா சீட்டைப் பிடித்த விரலை நக்கினாள்.
"போதும், போதும்" என்றார்.
கையை மட்டும் எடுக்கவில்லை.

ஏழரைக்குக் கதவைச் சாத்தினேன்.
கூண்டில் ஒரே ஒரு நோயாளி,
காலில் மாவுக்கட்டுப் போட்ட கிழட்டு வேட்டைநாய்.
காலையில் ஊசி போட்டபோது
என்னைக் கடிக்க வந்தது.
தண்ணீர்க் கிண்ணம் வைக்கக் கை நீட்டினேன்.
அன்று முப்பது முறை கிருமிநாசினியில் கழுவிய கை.

கம்பிகளுக்கிடையே நாக்கு வந்தது.
கசப்பு. முகம் சுளித்தது.
தும்மியது.
மறுபடி நக்கியது.

அலமாரியில் பெல்மீருவின் உப்புப் பை
இன்னும் பிரிக்கப்படாமல்.
நான் விளக்கை அணைத்தேன்.
ஜன்னல் பக்கம் ஒருமுறை,
கதவுப் பக்கம் ஒருமுறை,
யாருமில்லை என்று பார்த்துக்கொண்டேன்.